நண்டு ஏற்ற வந்த லாரி

எனக்கு எண்பத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று பேர் அப்பன் முகத்தைப் பார்த்தவர்கள். நான்காவது பெண். அவள் என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது என் வீட்டுக்காரர் போய்விட்டார். நான்கு பேரும் யார் வாசலிலும் கை நீட்டி நின்றதில்லை. இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், நின்று நின்று எழுதுவேன். ஆடியில் தொடங்கிய எழுத்து, இப்போது ஐப்பசி மழை பெய்கிறது. இருக்கட்டும். எனக்கு எந்த ரயிலும் பிடிக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் செத்ததை எங்கள் வீட்டில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பட்டாளத்துக்காரர்களோடு கடற்கரைக் காவலில் நின்று நாட்டுக்காகச் செத்தார் என்பது ஒன்று. பட்டாளத்து லாரி ஏறிச் செத்தார் என்பது இன்னொன்று. போன வருஷம் ஒரு பேரன் கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் தியாகி என்று போடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அப்போது வாயால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரியின் தெற்குக் கரையில் இருந்தது. வீடுகளைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் கடல். அறுபத்தைந்தில் நடந்த பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு வருஷம் அந்தத் தோப்புக்குப் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்கள் கூடாரம் போட்டார்கள். கடலைப் பார்த்துச் சுட்டுப் பழக வந்தவர்கள். சுடுகிற நாளில் சிவப்புக் கொடி ஏறும், அன்றைக்குக் கடலில் கட்டுமரம் இறக்கக் கூடாது. கொடி இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுடைய லாரி எங்கள் ஊருக்கு வரும். காவலுக்கு இல்லை. ஆபீசர்கள் விருந்துக்கு நண்டும் இறாலும் ஏற்றிப் போவதற்கு.

நண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பிறகு அது தேவைப்படும். நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிற நண்டுக்கும், பொன்னேரிச் சந்தைக்குக் கூடையில் எடுத்துப் போகிற நண்டுக்கும் வலையிலிருந்து பிரிக்கும்போதே கொடுக்கின் நுனியை ஒடித்துவிடுவோம். கடிக்காது, சண்டை போடாது, வேலை சுளுவு. ஆனால் பட்டாளத்து ஆபீசர்களுக்குக் கொடுக்கு முழுசாக இருக்க வேண்டும். உயிரோடும் இருக்க வேண்டும். அதற்காக இரண்டு கொடுக்கையும் மடக்கி, நனைத்த சணலால் குறுக்கே இரண்டு சுற்று சுற்றி, வயிற்றுப் பக்கம் முடிச்சுப் போட வேண்டும். எங்கள் ஊரில் அந்த லாரி வருவதற்கு முன்னால் யாரும் நண்டைக் கட்டியதில்லை. அது எங்கள் வழக்கமே இல்லை. கட்டுகிற வேலை பெண்களுடையது. என் கை வேகம்.

நண்டுக்கு அவர்கள் பணம் தரவில்லை. பாட்டில் தந்தார்கள். பட்டாளத்து ரம். அப்போது ஊரெல்லாம் மதுவிலக்கு. ஒரு பாட்டில் வீட்டில் அகப்பட்டால் போலீஸ் இழுத்துப் போகும் காலம். பாட்டில்கள் எங்கள் நாட்டார் வீட்டில் இறங்கும். நாட்டார் என்றால் ஊர்த் தலைவர், என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், எனக்கு மாமா முறை. அவர் பங்கு பிரித்துக் கொடுப்பார்.

அவர் செத்த அன்றைக்கும் விடிந்ததிலிருந்து உட்கார்ந்து நண்டு கட்டினேன். வயிறு இடித்தது. என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சணலை நனைத்து நனைத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் முதல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் இரண்டாவது கூடையை மூடிக்கொண்டிருந்தேன். லாரி மணலில் பின்னுக்கு வருகிற சத்தம் கேட்டது. சக்கரம் சுழன்று சுழன்று உறுமியது. பிறகு சத்தம் நின்றது. என்ன ஏது என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததால்தான் நான் ஓடினேன்.

லாரிக்குப் பின்னால் சவுக்கு மரத்துக்கும் வண்டியின் பின்பக்க இரும்புக் கதவுக்கும் நடுவில் அவர் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. கூடை உடைந்து நண்டுகள் மணலில் கிடந்தன. கட்டுப்போட்ட நண்டு எங்கே ஓடும், அவை அங்கேயே கிடந்து கால்களை மட்டும் அசைத்தன. டிரைவர் சின்ன வயதுக்காரன், வடக்கத்தியான், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் ஆள் நிற்கிறாரா என்று பார்க்காமல் வண்டியை விட்டுவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

அந்த லாரியிலேயே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முன்பே ஏற்றிய கூடைகளை யாரும் இறக்கவில்லை. அவரை அந்தக் கூடைகளுக்கு நடுவில் படுக்க வைத்தார்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து உப்பு ஏற்றி வந்த மாட்டு வண்டிகள் வழியை மறித்தன, லாரி நின்று நின்று போனது. பொன்னேரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை. அவரை இறக்கிவிட்டு லாரி கூடாரத்துக்குத் திரும்பியது, நண்டோடு.

மூன்றாம் நாள் ஒரு ஆபீசர் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் பேசியதை நாட்டார் எனக்குச் சொன்னார்.

"உன் ஊட்டுக்காரன் பட்டாளத்துக்கு ஒத்தாசை பண்ணப்போ பூட்டான், சர்க்கார் பாத்துக்கும்னு சொல்றாரும்மா."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. என் மாமியாருக்கு இன்னும் பிடித்திருந்தது. அவர் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எழவுக்கு வந்த பெண்களிடமெல்லாம், "எம் புள்ள நோவு வந்து சாவல. தண்ணில வுழுந்து சாவல. சர்க்கார் வேலைல பூட்டான்" என்று சொல்லத் தொடங்கினார்.

பதினாறாம் நாள் கழிந்ததும் நாட்டார் என்னைப் பொன்னேரிக்கு அழைத்துப் போனார். தாலுகா ஆபீஸ் வெளியில் மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாட்டார் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கடற்கரைக் காவலுக்குத் துப்பாக்கியும் ரவையும் ஏற்றி வந்த ராணுவ வண்டி, அதற்கு வழி காட்டச் சென்ற என் கணவர், தேசத்தின் பாதுகாப்புப் பணியில் உயிர் நீத்தார், ஆகையால் கருணை கூர்ந்து.

"மாமா, துப்பாக்கி ஏது அதுல?" என்று கேட்டேன்.

"நண்டு ஏத்தினப்போ செத்தான்னு எழுதினா இன்னா குடுப்பான்? கூடை கூலி குடுப்பான். யுத்த வேலைல செத்தான்னு எழுதினாத்தான் சர்க்காருக்கு ஒறைக்கும். அதுவுமில்லாம நண்டுன்னு எழுதினா, நண்டுக்கு இன்னா வாங்கினீங்கன்னு வருவான். அப்பறம் ஊரே உள்ள போவும். தெரிஞ்சிக்கோ."

நாட்டார் கெட்டவர் இல்லை. ஊரைக் காப்பாற்ற வேண்டும், எனக்கும் நல்லது நடக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே பொய்யில் முடிச்சுப் போட்டார். பெரிய வேலையில் செத்தவனுக்குச் சர்க்கார் பெரிதாகச் செய்யும் என்று அன்றைக்கு எங்கள் ஊரில் நம்பாதவர் இல்லை. நானும் நம்பினேன்.

மனுவை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'உயிர் நீத்தார்' என்ற இடத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்தது. கைநாட்டு வைக்க மசிப்பெட்டியை நகர்த்தினார்கள். நான் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

மனு போய் எட்டு மாதம் பதில் இல்லை. அதற்குள் சின்னவள் பிறந்துவிட்டாள். ஊர் எங்களைப் பட்டினி போடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று ஊரே சீட்டுப் போட்டு முறை வைக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு ஆண்பிள்ளைக்கு மட்டும்தான். என் பெரியவனுக்கு அப்போது ஏழு வயது. அவன் தலையெடுக்கும் வரை அப்பனுடைய பாடு நாளில் ஊரார் இறங்கிப் பிடித்து, பாதி மீனை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகட்டும் என்று நாட்டார் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அந்த மீனைப் பொன்னேரியில் விற்றுத்தான் உலை வைத்தேன்.

பிறகு சர்க்கார் கடிதம் வந்தது, இங்கிலீஷில். நான் மீன் கொடுக்கிற வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார். அவரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னார்.

"அந்த லாரி நாட்டுக் காவல் வேலையில இருந்ததா நீயே எழுதியிருக்கியாம். அந்த மாதிரி வேலையில ஆள் செத்தா சர்க்கார் நஷ்ட ஈடு தரவேண்டியதில்லையாம். அவ்வளவுதான் போட்டிருக்கான்."

எதை எழுதினால் அதிகம் கொடுப்பார்கள் என்று நினைத்தோமோ, அதை எழுதியதால்தான் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

டீச்சரம்மாவின் தம்பி திருவள்ளூரில் வக்கீல். கைக்குழந்தையோடு பொன்னேரியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி வேறு ரயில் மாறி, வேப்பம்பட்டில் அரைமணி நேரம் சும்மா நின்று, திருவள்ளூர் போனேன். அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த லாரி எதுக்கு வந்துது?"

"காவலுக்குங்க."

"அப்போ கேஸ் இல்ல. ஊருக்குப் போ."

நான் எழுந்திருக்கவில்லை. அவரும் என்னைப் போகச் சொல்லி மறுபடி சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, பாடம் நடத்துவது மாதிரிச் சொன்னார்.

"வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்மா இது. ராஜா சண்டை போடறான், போலீஸ் வெச்சிருக்கான், அதுல யாராவது செத்தா ராஜாவைக் கேக்க முடியாது. அதுவே ராஜாவோட வண்டி காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போய் ஒருத்தனை இடிச்சா, மளிகைக் கடைக்காரன் வண்டி இடிச்ச மாதிரிதான். பணம் கட்டணும். ராஜா போயாச்சு, சட்டம் போகல. செத்தவன் எப்படிச் செத்தான்னு கோர்ட்டு அப்புறம்தான் கேக்கும். வண்டி எதுக்கு வந்துதுன்னுதான் மொதல்ல கேக்கும். புரியுதா?"

புரிந்தது. ஆனால் அன்றைக்கு நண்டைப் பற்றிச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். திரும்பி வருகிற ரயில் முழுவதும், 'நண்டுக்கு வந்த வண்டி' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது சின்னதாக இருந்தது. காய்கறிக்கு இணையாக இருந்தது. என் வீட்டுக்காரர் அவ்வளவு சின்ன வேலையிலா செத்தார் என்று எனக்கே பொறுக்கவில்லை. இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் மாதம் ஏரியில் தண்ணீர் வற்றியது, பாடு இருந்தும் மீன் விழவில்லை. நடுப்பையன் பசியில் சுருண்டு படுத்தான். மறுநாள் திருவள்ளூர் போய் வக்கீலிடம் நண்டைப் பற்றிச் சொன்னேன். பாட்டிலைப் பற்றியும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"பாட்டிலை எழுத வேண்டாம். நண்டு போதும். நீ நிலைச்சு நிப்பியா?"

"நிப்பேன்" என்றேன்.

வழக்குப் போட்டது ஊருக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. கோயிலடியில் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊருக்குள் நூறு சண்டை இருக்கலாம், வெளி ஆளிடம் ஊருக்கு ஒரே வாய்தான். அந்த வாய் நாட்டார் வாய். ஒருவன் மாற்றிப் பேசினால் ஏரியில் அவனுக்கு இடமில்லை.

நாட்டார் கோபப்படாமல்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"நாங்க எல்லாம் காவலுக்கு வந்த லாரின்னு சொல்லிக்கினு கீறோம். நீயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கீற. இப்போ நண்டுன்னா, இன்னாம்மே அர்த்தம்? ஊரு பொய்யின்னுதான?"

"ஆமா மாமா. நானும்தான் பொய் சொன்னேன்."

"நண்டுன்னு சொல்லுவ. நண்டுக்கு இன்னா குடுத்தான்னு கேப்பான். அப்போ இன்னா சொல்லுவ?"

பின்னால் ஒருவன், "டப்பு ஆசை. கோர்ட்டுல பணத்த மூட்டையா கட்டிக் குடுப்பான்னு நெனச்சிக்கினு கீது" என்றான். சிலர் சிரித்தார்கள்.

"நீ செத்திருந்தா உன் பொண்டாட்டி எத்தினி மூட்டை கேப்பான்னு கேட்டுக்கினு வா, நானும் அத்தையே கேக்கறேன்" என்று சொல்ல வாய் வந்தது. வார்த்தை தடுமாறினால் இன்னும் சிரிப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

நாட்டார் கையை உயர்த்தினார். "கோர்ட்டுல நீ இத்த சொன்னா பாடு நின்னுடும். உன் பையன் தலையெடுத்தாலும் அவனுக்கு ஏரில எடம் கெடையாது. நான் சொல்லல, ஊர்க் கட்டுப்பாடு சொல்லுது. ரோசன பண்ணிக்கோ."

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் கதவைச் சாத்தினார்.

"எம் புள்ள சாராயத்துக்கு நண்டு தூக்கிக்கினு போயி செத்தான்னு சபைல சொல்லப் போறியா?"

"நண்டு தூக்கிக்கினு போனார்னு சொல்லப் போறேன் அத்தே."

"அவன் பேர்ல கீறது அந்த சர்க்கார் சாவு ஒண்ணுதான். அத்தையும் வாங்கிக்கினு பூடறியே."

அதற்கு மேல் அவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. குழந்தையிடம் சொல்வது மாதிரி எனக்குச் சொல்வார். "உங்கம்மாளை உப்பு எட்த்தாரச் சொல்லு." அந்தக் குழந்தைக்கு அப்போது பேச்சே வரவில்லை.

விசாரணை நாள் வருவதற்குள் சின்னவள் நடக்கப் பழகிவிட்டாள். அன்றைக்குக் காலையில் நான் கிளம்பியபோது என் மாமியாரும் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அதே ரயிலில் நாட்டாரும் இரண்டு ஆட்களும் வேறு பெட்டியில் வந்தார்கள். சர்க்கார் பக்கம் சாட்சி சொல்ல அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கூண்டில் ஏறுவதற்கு முன்னால் என் வக்கீல் காதோடு சொன்னார். "மனுவைக் காட்டிக் கேப்பாங்க. எழுதப் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருந்துதுன்னே தெரியாதுன்னு சொல்லிடு. தப்பிச்சுக்கலாம்."

சர்க்கார் வக்கீல் உயரமான ஆள். பக்கத்தில் பட்டாளத்து உடுப்போடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வக்கீல் மனுவை என் முன்னால் நீட்டினார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"என்னுதுதாங்க."

"படிக்கத் தெரியாம போட்டுட்டியா?"

என் வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னால் முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று அத்தனை பேர் நடுவில் என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கு நாக்கு எழவில்லை. அது உண்மையுமில்லை.

"படிச்சிட்டுத்தாங்க போட்டேன்."

என் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ துப்பாக்கியும் ரவையும் ஏத்தி வந்த வண்டின்னு இதுல இருக்கறது நெஜம்."

"இல்லீங்க. பொய்."

"தெரிஞ்சே பொய்யில கையெழுத்துப் போட்டே."

"ஆமாங்க. பெரிய சாவுன்னு சொல்லிக்கணும்னு போட்டேன்."

"அன்னிக்கிப் பணத்துக்காகப் பொய் சொன்னவ, இன்னிக்கிப் பணத்துக்காக நெஜம் சொல்றேன்னு சொன்னா, கோர்ட்டு எதை நம்பறது?"

ஜட்ஜ் ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னை நம்ப வாணாங்க" என்றேன். "அவரு அடிபட்ட எடத்துல போலீசு எழுதிக்கினு போன காயிதம் ஒண்ணு கீதே. அதுல நண்டு கீதான்னு பாருங்க."

என் வக்கீல் சட்டென்று தலை நிமிர்ந்தார். காகிதத்தைத் தேடி எடுத்தார்கள். உடைந்த கூடை ஒன்று, சிதறிய நண்டுகள், அவற்றின் கொடுக்குகள் சணலால் கட்டப்பட்டிருந்தன என்று என் வக்கீல் படித்தார். ஊர்ப் பெரியவர்கள்தான் அதில் சாட்சிக் கையெழுத்து. நண்டு கட்டியிருந்ததை எழுதினால் என்ன வந்துவிடும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

"நண்டு பிடிக்கிற ஊர்ல நண்டு கிடக்கும். சந்தைக்கு எடுத்துக்கிட்டுப் போயிருப்பார்" என்றார் சர்க்கார் வக்கீல்.

"சந்தைக்குப் போற நண்டுக்குக் கொடுக்கை ஒடிச்சிடுவோங்க. கட்ட மாட்டோம். பொன்னேரிச் சந்தைல யாரை வேணா கேளுங்க. பட்டாளத்து லாரிக்கு மட்டுந்தான் கட்றது. அவங்களுக்குக் கொடுக்கு முழுசா வேணும்."

"நீ எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றே?" இதை ஜட்ஜ் ஐயாவே கேட்டார்.

"கட்டினது நானுங்க. அன்னிக்கி விடிஞ்சதுலேர்ந்து கட்டினேன்."

எப்படிக் கட்டுவது என்று கேட்டார். கேஸ் கட்டைச் சுற்றுகிற நாடாவை ஒரு சேவகர் என்னிடம் கொடுத்தார். என் இடது கையின் இரண்டு விரலைக் கொடுக்கு மாதிரி மடக்கி, குறுக்கே இரண்டு சுற்று சுற்றி, கீழே முடிச்சுப் போட்டுக் காட்டினேன். வலது கையாலும் பல்லாலும் போட்ட முடிச்சு. யாரும் சிரிக்கவில்லை.

சர்க்கார் வக்கீல் விடவில்லை. "சரி. அவ்வளவு நண்டை சும்மாவா குடுத்தீங்க? அதுக்கு என்ன வாங்கினீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் ஒன்றரை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். பின் பெஞ்சியில் நாட்டார் உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கத் தொடங்கியவர், துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் கைல டப்பு எதுவும் வரலீங்க."

"பணம் வரல. வேற என்ன வந்துது?"

சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன். சொன்னால் ஊர் உள்ளே போகும். சொல்லாவிட்டால் நண்டும் பொய்யாகும். ஜட்ஜ் ஐயாவின் பேனா காத்திருந்தது. அப்போது பட்டாளத்து உடுப்பில் இருந்தவர் எழுந்து, சர்க்கார் வக்கீலின் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். வக்கீல் முகம் மாறியது. காகிதங்களை அடுக்கினார்.

"வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார்.

படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாட்டிலுக்கு நாங்கள் பயந்த அளவு அவர்களும் பயந்திருக்கிறார்கள். கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் ஒரே குற்றம்தானே. அதற்குப் பிறகு நாட்டாரைக் கூண்டில் ஏற்றவே இல்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் என் மாமியார் குழந்தைக்குப் பொரி ஊட்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பாமல் நேராக என்னிடமே கேட்டார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்தே."

"பாட்டிலையும்?"

"சொல்லல."

கொஞ்ச நேரம் பொரியைக் கிளறினார். "அவன் அத்த தொட மாட்டான். உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். தொட மாட்டாரு."

அவர் தொடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டிலும் அந்த வாசனை இருந்தது. அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். கூண்டுக்கு வெளியில் சொன்னது.

தீர்ப்பு வர மழைக்காலம் ஆனது. அந்த வண்டி காவலுக்கு வரவில்லை, நண்டு ஏற்ற வந்தது, அதனால் இறந்தவர் குடும்பத்துக்குச் சர்க்கார்தான் பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள். சர்க்கார் சென்னையில் மேல் கோர்ட்டுக்குப் போனது. அங்கேயும் நண்டுதான் நின்றது. பணம் கைக்கு வரும்போது பெரியவனுக்கு மீசை அரும்பிவிட்டது.

பாடு நின்றுவிட்டது. நான் கூண்டிலிருந்து இறங்கிய வாரமே நின்றுவிட்டது. நாட்டார்தான் வந்து சொன்னார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"ஊரை நீ காட்டிக் குடுக்கல. அது எனக்குத் தெரியும். உனக்கு நான் கடமைப்பட்டவன். ஆனா ஊரு வார்த்தைய ஒடச்சிட்ட. உனக்காவ கட்டுப்பாட்ட மாத்தினா நாளைக்கி எவன் என் பேச்ச கேப்பான்?"

"கேக்க மாட்டாங்க மாமா. நீங்க செய்யறத செய்யுங்க. நான் தப்பா எட்த்துக்கல."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் எடுத்துக்கொள்கிறேன். அவர் செத்தபோது போய் மாலை போட்டேன், அது வேறு.

பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்தேன். அப்போதுதான் அங்கே கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. கம்பெனி வாசலில் சங்கு ஊதுகிற நேரத்துக்குக் கருவாடும் மீனும் கொண்டுபோய் உட்காருவேன். கோர்ட்டுப் பணத்தில் இந்த மனையை வாங்கினேன். பெரியவன் கம்பெனியில் லேத்து வேலைக்குச் சேர்ந்தான். ஏரியில் வலை கட்டத் தெரியாமலே கிழவனாகிவிட்டான். "நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா எனக்குத் தண்ணி இருந்திருக்கும்" என்று ஒரே ஒரு முறை சொன்னான், சோறு தின்றுகொண்டிருந்தபோது. நான் குழம்பு ஊற்றினேன்.

என் மாமியார் கடைசி வரை வருகிறவர்களிடம் மகன் சர்க்கார் வேலையில் போனான் என்றுதான் சொன்னார். நான் மறுக்கவில்லை. அந்தக் கதைதான் வீட்டில் தங்கிக் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வந்துவிட்டது.

அவர் தியாகி இல்லை. கூடை தூக்கினவர். அவர் தூக்கிய கூடையில் நான் கட்டிய நண்டு இருந்தது. பின்னால் ஆள் நிற்கிறாரா என்று பார்க்காமல் ஒருவன் வண்டி ஓட்டினான், அவனுக்குச் சம்பளம் கொடுத்த சர்க்கார் அது தன் தப்பு என்று முத்திரை போட்ட காகிதத்தில் ஒப்புக்கொண்டது. சர்க்காரை ஒப்புக்கொள்ள வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது சின்ன சாவாகத் தெரியவில்லை.

சின்னவள் மகளே, இங்கே வா. கண்ணாடி போட்டும் என் எழுத்து எனக்கே ஓடுகிறது. முதல் வரியிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. கோர்ட்டு வருகிற இடத்தில் வேகமாகப் போகாதே. உன் பெரிய மாமனையும் கூப்பிட்டு உட்கார வை, அவனும் கேட்கட்டும்.